பேராச்சி கட்டிய சுவர்

1966-ஆம் வருஷ மழையில், தாராவியில் தோல் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த பழைய மாடி வீட்டின் பின்சுவர் விழுந்தது. வீட்டுக்காரர் கரீம் பாட்சாவின் தாத்தா தோல் வியாபாரத்துக்கு வந்த காலத்தில் கட்டிய வீடு. கீழே கருங்கல், மேலே தேக்கு. எட்டு அறைகளிலும் வாடகைக் குடும்பங்கள். காலி செய்யச் சொல்லி முனிசிபாலிட்டி நோட்டீஸ் ஒட்டியதும் ஏழு குடும்பங்கள் கிளம்பிவிட்டன. பேராச்சி மட்டும் போகவில்லை.

அவள் கட்டட வேலைச் சித்தாள். புருஷன் பூலோகம் நான்கு வருஷத்துக்கு முன் கோவாவில் துறைமுக வேலை என்று சொல்லிப் போனவன். கடிதம் கிடையாது. திரும்பி வந்தால் அவனுக்குத் தெரிந்த விலாசம் இது ஒன்றுதான்.

கரீம் பாட்சா வீட்டை இடித்துவிட நினைத்தார். பேராச்சி அவர் கிடங்குக்கே போய்ப் பேசினாள்.

“மொதலாளி, முன்பக்கம் அசையல. சந்துச் சாக்கடை அடைச்சு தண்ணி சுவரடியில நிக்கி. அதான் விழுந்துட்டு.”

“நீ என்ன இஞ்சினீயரா?”

“அப்பம் இஞ்சினீயரையே கூட்டியாந்து காட்டுங்க.”

இஞ்சினீயர் வந்தார். உத்திரங்களைத் தட்டிப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். கரீம் பாட்சா இடிக்கும் எண்ணத்தை விட்டுப் பழுதுபார்க்கச் சம்மதித்தார்.

வேலை நான்கு மாதம் நடந்தது. முதலில் சாக்கடையை ஆழமாக வெட்டினார்கள். பிறகு விழுந்த கல்லையே பொறுக்கி, சுண்ணாம்புக் கலவை வைத்துச் சுவரை எழுப்பினார்கள். பகலெல்லாம் பேராச்சி சாந்துச் சட்டி சுமந்தாள். ஆட்கள் போனபின் அத்தனை பெரிய வீட்டில் அவள் ஒருத்திதான். முன்பு குழாயடியில் தினமும் சண்டை நடக்கும். இப்போது முதல் குடமும் அவளுடையது, கடைசிக் குடமும் அவளுடையது. குடம் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றிருப்பாள்.

ஒருநாள் கொத்தனார் கணேசபாண்டியன் சாரத்தில் நின்றபடி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“யக்கா, அண்ணாச்சிய பாண்டுப்புல பாத்தேன். அங்கன ஒரு பொம்பளையும் ரெண்டு பிள்ளையளும்…”

பேராச்சி சட்டியை நீட்டினாள். “கலவை இறுகுது. பூசுங்க.”

ஞாயிற்றுக்கிழமை பாண்டுப்புக்கு ரயில் ஏறிப் போனாள். பூலோகம் இடுப்பில் ஒரு பிள்ளையோடு கடையில் வெல்லம் வாங்கிக்கொண்டிருந்தான். பிள்ளை அவன் காதைப் பிடித்து இழுத்தது, அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் பார்த்ததே இல்லை. கூப்பிடாமல் அடுத்த ரயிலில் திரும்பிவிட்டாள்.

திங்கட்கிழமை வழக்கம்போலச் சுண்ணாம்பு குழைத்தாள். இனி இந்த வீடு நின்றால் என்ன, விழுந்தால் என்ன என்று தோன்றியது. ஆனாலும் பாதிச் சுவரை அப்படியே விட்டுப்போக அவளுக்கு மனம் வரவில்லை.

தை மாதம் ஐந்து குடும்பங்கள் திரும்பி வந்தன. அடுத்த மழையில் சந்தில் தண்ணீர் நிற்கவில்லை. பக்கத்து இரண்டு வீடுகளைப் பழுதுபார்க்கவும் அவளைக் கூப்பிட்டார்கள். யாரும் அவளை மேஸ்திரி என்று அழைக்கவில்லை. ஆனால், எந்தச் சுவரில் கை வைக்கலாம் என்று அவளிடம் கேட்ட பிறகுதான் கடப்பாரையை எடுத்தார்கள்.