ராஜபார்ட் ஜோடும் குற்றாலச் சாரலும்

செருப்புத் தைக்கிறவனிடம் முகத்தை மறைத்துக்கொண்டு வரலாம், காலை மறைத்துக்கொண்டு வர முடியாது. கடிக்கிற செருப்போடு கல்யாண வீட்டுக்குப் போய் நொண்டியவர்களும், அதைத் தைத்துக் கொடுத்துவிட்டுப் பேச்சு வாங்கியவர்களும் நான் பட்ட பாட்டைச் சிரிக்காமல் கேட்பார்கள் என்று நம்புகிறேன்.

கோமதி வைத்த கெடு

பூட்ஸ் என்றால் துரைமார் கால் என்றிருந்த காலம். தென்காசியில் கடை போட்டு மூன்று வருஷமாகச் செருப்பு வார் தைத்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு நாடகக் கம்பெனி வந்து கொட்டகை போட்டது. அதில் ராஜா வேஷம் கட்டுகிற ராஜபார்ட், சிவப்பு வெல்வெட்டில் முனை சுருண்ட ஜரிகை ஜோடு போட்டுக்கொண்டு மேடையில் நடந்தால் கைதட்டல் அடங்காது. நான் மூன்று நாடகம் முன்னால் உட்கார்ந்து, பாட்டைக் கேட்காமல் காலையே பார்த்தேன்.

கம்பெனி போனபின் அதே ஜோடு வேண்டுமென்று ஆட்கள் வந்தார்கள். தைத்தே தீருவது என்று இறங்கினேன். கொல்லத்தில் குடைக்கடை வைத்திருந்த மைத்துனர், வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் மேல் கடிதம் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் போக மனமே இல்லை. மனைவி கோமதி ஒரே பேச்சில் முடித்தாள்:

"இந்த வருசச் சாரல் முடியுததுக்குள்ள உங்க ஜோடு நிலைச்சா சரி. இல்லைன்னா கடையப் பூட்டிட்டு எங்க அண்ணங்கிட்டப் போயிரணும், ஆமா."

பண்ணையார் கேட்ட சத்தம்

முதல் ஜோடு இலத்தூர்ப் பண்ணையார் ஒருவருக்கு. வாங்கிப் போன மூன்றாம் நாள் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். ராஜபார்ட் நடந்தால் டக்கு டக்கென்று கேட்கிறது, தனக்கு ஏன் கேட்கவில்லை என்றார். குதிகாலில் லாடம் அடித்துக் கொடுத்தேன். அப்போதும் சத்தம் இல்லை. பிறகுதான் எனக்கே உறைத்தது. கம்பெனி மேடை பலகை. இவர் நடப்பது இலத்தூர் மண். அதைச் சொன்னேன். மனுஷன் வண்டியேறிப் போனார். அடுத்த வாரம் ஆளனுப்பாமல் தானே வந்து சொன்னார்:

"வாசல்லேர்ந்து தொழுவம் வரைக்கும் பலகை போட்டாச்சுவே. சத்தம் நல்லா வருது. ஆனா மாடு மிரண்டு பால் கறக்க விடமாட்டேங்குது."

கடையத்து மாப்பிள்ளை

சாரல் தொடங்கியது. கடையத்தில் பெண் எடுத்த புது மாப்பிள்ளை ஒருவர், நான் தைத்த ஜோட்டோடு பெண்டாட்டியையும் மதினியையும் கூட்டிக்கொண்டு குற்றாலம் போனார். பாதி வழியில் வெல்வெட்டுச் சாயம் இறங்கிவிட்டது. வேட்டிக் கரை சிவப்பு, பாதம் கணுக்கால் வரை சிவப்பு. அருவிக்குப் போவதற்குள் பசை விட்டு அடித்தோலும் வாயைப் பிளந்துவிட்டது. அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் பெண்டாட்டி கடை வாசலில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

"மாப்பிள்ளைக்கும் மருதாணி வச்சு விட்டாச்சான்னு எங்க மதினி கேட்டுக் கேட்டுச் சிரிக்கா அண்ணாச்சி."

ஓடையில் நின்ற கால்

அன்றைக்கே வெல்வெட்டைத் தூக்கிப் பரணில் போட்டேன். பசையும் வேண்டாம் என்று முடிவு. மாட்டுத்தோலைச் சாயத்தில் ஊறப்போட்டு, கழுவி, மறுபடி ஊறப்போட்டு, தண்ணீர் தெளிவாக வடியும்வரை விடவில்லை. மெழுகு தேய்த்த நூலில் இரட்டைத் தையல். சுருண்ட முனையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கேட்டவர்கள் அதைத்தானே கேட்டார்கள்? கெட்டுப்போனவை நாலு ஜோடி. ஐந்தாவதை நானே போட்டுக்கொண்டு குற்றாலம் போய், அருவித் தண்ணீர் ஓடிவரும் ஓடையில் முழங்கால் அளவு இறங்கி நின்றேன். ஒரு நாழிகை ஆயிற்று, சாயம் இறங்கவில்லை. குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் ஆள் ஒருவர், தேய்த்துக்கொண்டிருந்த முதுகை அப்படியே விட்டுவிட்டு வந்து பார்த்தார்:

"ஊரு உலகமே இங்கன தலைய நனைக்க வருது. நீரு ஜோட்ட நனைக்க வந்தீராக்கும்?"

வேஷமில்லாத ராஜா

சாரல் முடிய ஒரு வாரந்தான் இருந்தது. ஒருவர் அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். வழுக்கைத் தலை, ஒட்டிய கன்னம். ஆனால் இடது பாதத்தை வெளிப்பக்கமாக விரித்து வைக்கிற அந்த நடை! ராஜபார்ட்டேதான். ஓய்வுக்குக் குற்றாலம் வந்திருக்கிறாராம். என் ஜோட்டை எடுத்து நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவருடையது அட்டையும் துணியுமாம். மாசம் ஒன்று பிய்யுமாம். இத்தனை நாளும் நான் அட்டைக்குப் போட்டியாகத் தோலோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

"இதைப் போட்டுக்கொண்டு குற்றாலத்துக்கு நடந்து போய்விட்டு நாளைக்கு வாருங்கள். பிய்ந்தால் கடையைப் பூட்டிவிடுகிறேன்" என்றேன். மறுநாள் விடாத சாரல். எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மத்தியானம் வந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஜோட்டைக் கழற்றி வாங்கி, சேற்றைத் துடைத்து, ஒவ்வொரு தையலாக நகத்தால் நெருடிப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை. அவர் கையை நீட்டினார்:

"குடுங்க, குடுங்க. வழியில ஒருத்தர் என்னை நிறுத்தி, 'ராஜபார்ட் ஜோடெல்லாம் உமக்குப் பொருந்தலை, கழட்டிரும்வே'ன்னு சொன்னார். நான் கழட்டுறதா இல்லை."

உள்ளே நின்றிருந்த கோமதி, அவர் படி இறங்கும்வரை காத்திருந்து சொன்னாள்: "எங்க அண்ணனுக்கு ஒரு கார்டு எழுதிப் போடுங்க, நாம வரலைன்னு."

அதற்குப்பின் எத்தனையோ ஜோடு தைத்துவிட்டேன்; கடித்தால் மறுநாள் காலையிலேயே வந்து நிற்கிறார்கள், கடிக்காவிட்டால் தெருவில் பார்த்தால்கூடத் தெரியாததுபோல் போகிறார்கள், அந்தப் போக்கைப் பார்த்துத்தான் நான் சந்தோஷப்பட்டுக்கொள்கிறேன்.