வியர்வை திரும்பிய விரல்கள்

என் வலது மணிக்கட்டை வெட்டியது ஒரு கண்ணாடித் தம்ளர். ஞாயிறு மத்தியானம், செவன் ஹில்ஸில் எங்கள் வீட்டுக் குசினியில், தம்ளருக்குள் கையை விட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது அது உடைந்துபோனது. மனைவி துவாயால் இறுக்கிக் கட்டி, காரில் ஏற்றி, பரமட்டாவுக்குப் பக்கத்துப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். அறுந்த நரம்பை அடுத்த நாள் தைத்தார்கள். காயம் சீக்கிரம் ஆறிவிடும், நரம்பு மெதுவாகத்தான் வளரும், விரல் நுனிக்கு வந்துசேர மாதக்கணக்கில் ஆகும் என்று மருத்துவர் சொன்னார்.

கட்டை அவிழ்த்தபோது பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் என்னுடையவை போல இல்லை. அசைந்தன, ஆனால் எதையும் உணரவில்லை. தோல் காய்ந்து வழுவழுவென்று இருந்தது. பேப்பர் நழுவியது. கைபேசிகூட அந்த விரலை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. சோற்றைக் கரண்டியால் தின்னப் பழகினேன். அதெல்லாம் பரவாயில்லை. எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது மகளின் தலைமயிர்.

மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. விடிய முன்னமே போய்விடுவாள். அதனால் மகள் பள்ளிக்கூடம் தொடங்கிய நாளிலிருந்து அவளுக்குத் தலை பின்னுவது என் வேலை. இடுப்புவரை நீண்ட மயிர். நீச்சல் வகுப்புக்கு அடுத்த நாள் குளோரின் மணக்கும். மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பிரியும் ஒரே தடிப்பா என்று பெருவிரலால் உருட்டிப் பார்ப்பேன். கண்ணால் பார்க்கத் தேவையில்லை. அவள் பாதி இங்கிலீஷிலும் பாதித் தமிழிலும் வகுப்புக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருப்பாள். அவளோடு நான் நின்று கதைக்கிற நேரமே அதுதான். கை வெட்டுப்பட்ட பிறகு அவள் தானே ஒரு றப்பர் பாண்ட் போட்டு, கோணலாக ஒரு குதிரைவால் கட்டிக்கொண்டு போனாள்.

மருத்துவமனையின் கைச் சிகிச்சைப் பிரிவில் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி வேலை செய்தாள். தைத்த நரம்பு எப்படித் திரும்பி வருகிறது என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மாதம் ஒருதரம் வந்து கையைக் காட்ட முடியுமா என்று கேட்டாள். ஓம் என்றேன்.

வியர்க்கிற தோல் மின்சாரத்தைக் கொஞ்சம் விடும், காய்ந்த தோல் தடுக்கும், நரம்பு அறுந்த இடத்தில் வியர்வை வராது என்று விளக்கினாள். பேனை போன்ற ஒரு கருவி, நுனியில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள், வயரின் மறுமுனையில் ஒரு திரை. அதை விரல் வழியே மெல்ல இழுப்பாள். உள்ளே போகிற மின்சாரம் தெரியவே தெரியாது. நல்ல தோலில் திரைக்கோடு எழும்பும், செத்த இடத்துக்கு வந்ததும் படுத்துவிடும். அந்த எல்லையை என் தோலிலேயே நீல மையால் கீறுவாள். முதல் தரம் அந்த நீலக் கோடு உள்ளங்கையில் இருந்தது. மாதாமாதம் அது விரல்களை நோக்கி நகர்ந்தது. ரயிலில் வீட்டுக்கு வரும்போது அந்த நீலக் கோட்டையே பார்த்துக்கொண்டு வருவேன்.

கடைசியில் ஒருநாள் சுட்டுவிரல் நுனியில் திரைக்கோடு எழும்பியது. அவள் திரையை என் பக்கம் திருப்பினாள்.

"அண்ணா, உங்க விரல் வேர்க்குது."

நான் அந்த விரலை உதட்டில் வைத்துப் பார்த்தேன். விரலுக்குத் தெரியவில்லை, உதட்டுக்குத் தெரிந்தது. ஈரம். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் கருவியைக் கீழே வைத்தாள். வியர்வை நரம்பு வேறு, தொடுகிற உணர்வு வேறு, ஒன்று வந்தால் மற்றது வரும் என்று நம்பிவிடக் கூடாது என்றாள்.

"வரும்னு நான் சொல்ல மாட்டேன். வரலாம்."

அடுத்த நாள் காலை மகளைக் கதிரையில் இருத்திப் பின்னிப் பார்த்தேன். கை ஈரமாகத்தான் இருந்தது, மயிர் நழுவவில்லை. ஆனால் கையில் இருப்பது மயிரா நூலா என்று எனக்குத் தெரியவில்லை. எங்கேயோ இழுத்துவிட்டேன் போல. அவள் தோள் ஒருதரம் உயர்ந்தது. பிறகு திரும்பாமலே சொன்னாள்.

"இட்ஸ் ஓகே அப்பா. நானே கட்டுறன்."

அதற்குப் பிறகு அவள் என்னைக் கேட்கவில்லை. வீடியோ பார்த்துப் பழகி, என்னைவிட நேர்த்தியாகப் பின்னினாள். காலையில் அவள் அறைக் கதவு சாத்தியிருக்கும். நான் வெளியே அரிசிக் கிண்ணத்துக்குள் விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருப்பேன். அது சிகிச்சைக்குச் சொல்லித் தந்த பயிற்சி. இரண்டு கைகளிலும் திரைக்கோடு ஏறக்குறைய ஒன்றாக வந்ததும் கோயம்புத்தூர்ப் பெண், இனிக் கருவியால் பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்லிக் கைகொடுத்து அனுப்பினாள். அவள் கையின் சூடு அந்த விரல்களுக்குத் தெரியவில்லை.

தெரியத் தொடங்கியது ரயிலில். குளிர்காலம். கம்பியைப் பிடித்தபோது நடுவிரல் குளிர்ந்தது. பார்த்தால் கம்பியில் பட்டிருந்தது சுட்டுவிரல். வளர்ந்த நரம்பு இழைகள் இடம் மாறிப் போய்ச் சேரலாம் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து சுட்டுவிரலால் தொடுவதை நடுவிரலில் உணர்கிறேன், அதுவும் கையுறை போட்டது போல.

போன வருடம், மகள் உயர்பள்ளிக்குப் போக முதல், மயிரைக் கட்டையாக வெட்டப் போகிறேன் என்றாள். நோயால் மயிர் கொட்டிய பிள்ளைகளுக்குப் பொய்முடி செய்ய அனுப்புகிறார்களாம். நான் நல்ல காரியம் என்றேன். வெட்ட முதல் அதை இறுக்கமாகப் பின்னியிருக்க வேண்டும் என்று விதி இருந்தது.

வெட்டப் போகிற நாள் காலையில் அவள் சீப்போடு வந்து என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"அப்பா, நீங்களே பின்னி விடுங்கோ."

மூன்றாகப் பிரித்தேன். சுட்டுவிரலில் வைத்துப் பெருவிரலால் உருட்டினேன். மயிர் தெரிந்தது, பிழையான விரலில், தூரத்தில் இருந்து. நான் ஞாபகம் வைத்திருந்த மயிர் அல்ல அது. இது தடிப்பாக, கொஞ்சம் முரடாக இருந்தது. அந்த மயிர் எப்போது மாறியது என்று எனக்குத் தெரியாது. அவள் கைபேசியில் யாருக்கோ எழுதிக்கொண்டிருந்தாள். நான் ஆறுதலாகப் பின்னினேன், அவளும் அவசரப்படுத்தவில்லை.

பரமட்டாவில் ஒரு கடையில் வெட்டினார்கள். பின்னலைக் கவரில் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டு, பக்கத்து ஹரிஸ் பார்க் கடைத்தெருவில் அவளுக்கு ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன். கழுத்தைத் தடவித் தடவிச் சிரித்துக்கொண்டு தின்றாள்.

திரும்ப வளரும்தானே என்று மனைவி எனக்குச் சொன்னாள். ஆனால் மகள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய்க் குறைத்துக்கொள்கிறாள். அவளுக்குக் கட்டைதான் விருப்பம். அவளுக்கு அது வடிவாகவும் இருக்கிறது.