இருபது அடித் தண்டவாளம்

அன்று அங்கே இருந்தவர்கள் ஆறு பேர்: நான், என் மனைவி, என்னோடு முன்பு டிராலி தள்ளிய மூன்று பேர், ஒரு போட்டோக்காரர். லாலாகுடா ரயில்வே பணிமனை வாசலில் எங்கள் பழைய டிராலியைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். தண்டவாளத்தைப் பார்வையிடும் அதிகாரி அதில் உட்கார்ந்திருப்பார். நாங்கள் நால்வரும் ஓடி ஓடித் தள்ளுவோம். ரயில் வந்தால் டிராலியைத் தூக்கி வெளியே வைத்துவிட வேண்டும்.

அந்த அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் ஆசை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். நான் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் கல் தேடினேன்.

“கைக்குங்க, எதுக்கு இந்தப் பயம்? இருக்கிறதே இருபது அடி தண்டவாளம். ரெண்டு பக்கமும் பூந்தொட்டி. வண்டி எங்கிருந்து வரும்?” என்றாள்.

போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து லைனில் ரயில் ஹார்ன் அடித்தது. நாங்கள் நால்வரும் பழைய பழக்கத்தில் பாய்ந்தோம். டிராலியை அவளோடு சேர்த்துத் தூக்கிப் புல்தரையில் வைத்துவிட்டோம்.

படத்தில் அவள் ஊர்வலம் போகும் அம்மன் மாதிரி அந்தரத்தில் இருக்கிறாள், வாய் மட்டும் திறந்திருக்கிறது. தூக்கிக்கொண்டிருக்கும் நாங்கள் கால் இடறாமல் இருக்கப் பூந்தொட்டியை உற்றுப் பார்க்கிறோம்.

“தண்டவாளத்து மேல உட்கார்ந்த போட்டோதான் கேட்டேன். இது நக்கோ, எனக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டாள். போட்டோக்காரருக்கு இன்னும் நூறு ரூபாய் பாக்கி.