ஸ்கேன் குழாய்க்கு ஒத்திகை: நாமக்கல்லிலிருந்து சங்ககிரி வரை குகை தேடி

இந்தப் பயணத்துக்குக் காரணம் பக்தியும் இல்லை, சிற்ப ஆர்வமும் இல்லை. பயம். கொஞ்ச நாளாகவே என் வலது காதில் ஓயாத இரைச்சல். அந்தப் பக்கம் போனை வைத்தால் பேச்சு புரிவதில்லை. காது நரம்பில் கட்டி எதுவும் இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். போன வியாழக்கிழமை சேலத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் அந்தக் குழாய்க்குள் என்னைத் தள்ளினார்கள். முகத்துக்கு மேல் கூண்டு, மூக்குக்கு நேரே சுவர். கையில் கொடுத்திருந்த பஸ்ஸரை அழுத்தி, கத்தி, ஊரைக் கூட்டி வெளியே வந்துவிட்டேன். திங்கட்கிழமை காலை மறுபடியும் வரச் சொன்னார்கள்.

இந்த வலைப்பூவைப் படிப்பவர்களுக்குத் தெரியும், குகைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். முருகனுக்குக் குகன் என்று பெயர், நெஞ்சம் என்னும் குகையில் இருப்பவன் என்று பொருள் சொல்வார்கள் என்றெல்லாம் போன வருஷம் ஒரு பதிவே போட்டேன். இருட்டில் உட்கார்ந்தால் தன்னைக் காணலாம் என்று வேறு அதில் முடித்திருந்தேன். வியாழக்கிழமை கண்டேன். பஸ்ஸரை அழுத்திக்கொண்டிருந்தான்.

அன்று என் மனைவி சுமதியும் உள்ளே வந்து கூட நிற்கலாம் என்றார்கள். உடம்பில் நகை எதுவும் இருக்கக் கூடாது, தாலிக்கொடி உட்பட. "மஞ்சக் கயித்துல ஒரு மஞ்சக் கெழங்கக் கட்டிக்கிட்டு வாங்கக்கா, எல்லாரும் அப்படித்தான் வராங்க," என்றார் நர்ஸ். சுமதி அசையவில்லை. "அவிங்களுக்கு ஒடம்பு செரியில்லாத நேரத்துல கழுத்துலருந்து எறக்கறதாங்க? கயிறு மாத்தற வேலையெல்லாம் இப்ப வேண்டாங்க," என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். எனக்காகத்தான் அவள் கழற்றவில்லை. அதனாலேயே நான் உள்ளே தனியாகக் கிடந்தேன். இதில் யாரிடம் கோபித்துக்கொள்வது?

குகையில் கொஞ்ச நேரம் படுத்துப் பழகினால் குழாய் பழகிவிடும் என்பது என் கணக்கு. சனிக்கிழமை காலை 6.15க்கு நானும் சுமதியும் சேலத்திலிருந்து வாடகைக் காரில் கிளம்பினோம். நாள் வாடகை 3,200 ரூபாய், டீசல் உட்பட. டிரைவர் மாரப்பன் திருச்செங்கோட்டுக்காரர். பல வருஷம் ஆந்திரா, ஒடிசா என்று போர்வெல் ரிக் வண்டியில் ஓடிவிட்டு இப்போது டாக்ஸி ஓட்டுகிறார்.

நாமக்கல் சுமார் 55 கிலோமீட்டர், 7.30க்குப் போய்ச் சேர்ந்தோம். நரசிம்மர் கோயில், மலையின் மேற்குப் பக்கத்துப் பாறையைக் குடைந்து செய்தது. பக்கச் சுவரில் இரணியனை மடியில் கிடத்தி வயிற்றைக் கிழிக்கும் சிற்பம். உள்ளேயும் சாகக் கூடாது, வெளியேயும் சாகக் கூடாது என்று வரம் வாங்கியவனை வாசற்படியில் வைத்து முடித்த கதையை ஒரு குகைக்குள் செதுக்க எவருக்கோ தோன்றியிருக்கிறது. வேறு நாளாக இருந்தால் ஒரு மணி நேரம் நின்றிருப்பேன். அன்றைக்கு அந்த மடியில் கிடந்தவனின் நிலைமைதான் கண்ணில் பட்டது. மற்றபடி தாராளமான இடம், காற்றும் வெளிச்சமும் வருகிறது. எனக்குத் துளி பயம் வரவில்லை. அப்படியானால் இங்கே ஒத்திகைக்கு வேலை இல்லை.

"உங்களுக்கு வேண்டியது பொந்துங்க," என்றார் மாரப்பன், விஷயத்தைக் கேட்டுவிட்டு. "எங்கூருப் பக்கம் ஒன்னு இருக்குதுங்க. சித்தர் இருந்த எடம்னு சொல்லுவாங்க. படுத்துத்தான் உள்ள போவோணும்."

திருச்செங்கோடு வரை 35 கிலோமீட்டர், அங்கிருந்து சங்ககிரி ரோட்டில் கொஞ்ச தூரம் போய், ஒரு மண் பாதையில் திரும்பினோம். கூட்டம் வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டதால் பெயர் போடவில்லை. சின்னக் கரடு, பாறைக் குன்று. கால் மணி நேரம் ஏறினால் இரண்டு பெரிய பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்திருக்கின்றன. நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு வாய். மாரப்பன் கம்பால் தட்டி, டார்ச் அடித்து, பூச்சி பொட்டு இல்லை என்று பார்த்தார்.

"இது அப்படியே சங்ககிரிக் கோட்டைக்குப் போவுதுன்னு சொல்லுவாங்க. ஒரு ஆட்ட உட்டாங்களாம், அது அங்க போயி ஏறுச்சாமா."

"நீங்க பாத்தீங்களா?"

"ஆட்டையா, சொரங்கத்தையா?" என்று சிரித்தார். "எனக்குத் தெரிஞ்சு பத்தடியில முட்டிக்குதுங்க."

எல்லா ஊரிலும் அந்த ஆடு இருக்கிறது. குகை பத்தடியில் முடிந்துவிட்டது என்று ஒரு கதையும் சொல்வதில்லை. உள்ளே போனதற்கு எங்காவது ஒரு வெளி இருந்தே ஆக வேண்டும் என்று மனிதருக்கு அவ்வளவு ஆசை.

மல்லாந்து படுத்து, தலையை முன்னால் விட்டு நகர்ந்தேன். மூக்கிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பாறை. வௌவால் நாற்றம், பழைய எண்ணெய் வாடை. காதின் இரைச்சல் இரண்டு மடங்காகிவிட்டது. கட்டி இருந்தால், ஆபரேஷன் என்றால், முகம் கோணிப்போனால் என்று வரிசையாக ஓடியது. அண்ணன் குகைக்குள் அரக்கனோடு சண்டை போட, வாசலில் காத்திருந்த தம்பி, வெளியே வழிந்த ரத்தத்தைப் பார்த்து, அண்ணன் செத்தான் என்று பாறையை வைத்து அடைத்துவிட்ட புராணக் கதை ஞாபகம் வந்தது. அதுவா அந்த நேரத்தில் வர வேண்டும்? "சுமதி! சுமதி!" என்று கத்தினேன். எழப் பார்த்து நெற்றியில் இடித்துக்கொண்டேன்.

அடுத்து என் இரண்டு கணுக்காலையும் யாரோ பிடித்தார்கள். சுமதிதான், இடுப்பு வரைக்கும் உள்ளே வந்திருந்தாள், புதுச் சேலையோடு.

"நான் புடிச்சிருக்கறனுங்க. வேணும்னா இழுத்துப் போடறேன். சொல்லுங்க, இழுக்கட்டுமா?"

"இரு," என்றேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பயம் போகவில்லை, பாறையும் அதே ஒரு சாண்தான். ஆனால் என் கால் வெளியே இருப்பவள் கையில் இருந்தது. அவள் எதிர்வீட்டுக்காரர்கள் கார் வாங்கியது, தக்காளி விலை என்று எதையோ பேசிக்கொண்டே இருந்தாள். அரை மணி நேரம் கிடந்துவிட்டேன்.

கரட்டிலிருந்து இறங்கிக் காரில் ஏறினோம். சங்ககிரியில் லாரிப் பட்டறைகளைத் தாண்டியதும், "அண்ணா, அந்தப் பூசச் சாமான் கடைகிட்ட நிறுத்துங்க," என்றாள் சுமதி. திரும்பி வந்தபோது கையில் சின்னப் பொட்டலம். மஞ்சள் கயிறு, ஒரு மஞ்சள் கிழங்கு. சேலம் வரும்வரை அதை மடியிலேயே வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை ஸ்கேன் முடிந்தது. எடப்பாடியில் தறிக்கூடத்துக்கு நடுவில் படுத்தது போல அப்படி ஒரு சத்தம். பஸ்ஸர் கையிலேயே இருந்தது, அழுத்தவில்லை. பாதத்தில் அவள் கை இருந்தது, கடைசி வரைக்கும்.

போக நினைப்பவர்களுக்கு: நாமக்கல் கோயில் மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். பேர் தெரியாத கரட்டுக் குகைகளுக்கு உள்ளூர் ஆள் இல்லாமல் போகாதீர்கள். டார்ச்சும் கம்பும் கட்டாயம். மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம். முக்கியமாக, நீங்கள் உள்ளே போனால் வாசலில் காலைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

ரிப்போர்ட் நாளை மாலைதான் வரும். இதை எழுதும்போதுகூட காது இரைகிறது. ஸ்கேன்தான் முடிந்ததே, பீரோவில் இருக்கும் தாலிக்கொடியை எடுத்துப் போட்டுக்கொள்ளலாமே என்று சுமதியிடம் கேட்டேன். கழுத்தில் இன்னும் மஞ்சள் கயிறுதான். அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"இருக்கட்டுங்க. மறுபடியும் உங்கள உள்ள போகச் சொன்னாங்கன்னா, அங்க நின்னு கழட்டிக்கிட்டு இருக்க முடியாது பாருங்க."