ரம்புத்தான் கட்டையும் கோயில் மெழுகும்

இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன். அப்போது பினாங்கில் ஒரு கிறிஸ்தவக் கோயிலில் கோயில்பிள்ளையாக இருந்த நான், சுவாமியாரைக் கேளாமல் மெழுகு கொடுத்துவிட்டேன்.

வாங்கியவர் திருநீறு பூசும் ஒரு மரக் கடைசல்காரர். எந்த மரத்தையும் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். ஜில்லென்றிருந்தால் ஈரம் என்பார். ஹோட்டலுக்கு மிளகு அரைக்கும் குப்பிகள் கடைய, ஆயர் ஈத்தாம் என்ற ஊரில் காற்றில் விழுந்த ரம்புத்தான் மரத்தை அறுத்து வந்திருந்தார்.

"ரம்புத்தான் காயும்போது வெடிக்கும்லா! வெடிச்சா நீ வீட்டுக்குப் போ" என்றார் அவர் 'தவுக்கே' என்றழைக்கும் சீன முதலாளி.

முனைகளில் மெழுகு பூசினால் ஈரம் மெதுவாக இறங்கும், கட்டை வெடிக்காது என்று, எரிந்து மீந்த மெழுகுத் துண்டுகளைக் கேட்டுக் கடைசல்காரர் என்னிடம் வந்தார்.

"பீடத்து மெழுக மரத்துக்குப் பூசுறதா அண்ணே?"

"உங்க சாமியத் தாங்குனதும் மரந்தானே தம்பி?"

ஒரு கூடை நிறையக் கொடுத்தேன்.

எட்டு மாதம் கழித்து முதலாளி ஒவ்வொரு கட்டையாகத் திருப்பிப் பார்த்தார். ஒன்றிலும் கீறல் இல்லை.

"இன்னொரு மரம் எங்கலா?" என்றார்.

"விழட்டும் தவுக்கே, அவசரப்படாதீங்க!" என்று கடைசல்காரர் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது. நான் ஆண்டவருக்குத் தோத்திரம் சொன்னேன்.

பிறருக்குச் சொல்கிறவர்கள் இதை ஆண்டவர் செய்த புதுமையாக்கிவிடாமல் உள்ளபடியே சொல்லுங்கள். மெழுகுதான் கோயிலுடையது, கெட்டிக்காரத்தனம் அவருடையது.