அவள் காத்திருக்கச் சொன்னாள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தள்ளிப் போட்டேன். சாமி விளக்கை ஏற்றிவிட்டு எழுத உட்காருவேன். பக்கத்து வீட்டில் அந்தப் பெண்ணின் தாய் அரிசி களையும் சத்தம் கேட்கும். எழுந்து போய்விடுவேன். நான் பள்ளியில் மூன்றாம் படிவம் வரை படித்தவள். எழுதிப் பழக்கம் இல்லை. ஆனால் எங்கள் எஸ்டேட்டில் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறார்கள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

அவள் பக்கத்து வீட்டுப் பிள்ளை. பிறந்ததிலிருந்தே காது கேளாது. அப்பா, அம்மா இருவருக்கும் தேயிலை மலையில் வேலை. அவள் மலைக்குக் கீழே ஈப்போவில் விடுதியில் தங்கி, காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் படித்தாள். பள்ளி விடுமுறைக்கு வீட்டுக்கு வருவாள்.

எங்கள் மலையில் இப்போது கையால் கொழுந்து கிள்ளுவது குறைவு. இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு செடி மேல் ஓட்டும் மோட்டார் மிஷின்தான். அது ஓடும்போது காதருகே கத்தினாலும் கேட்காது. அதனால் மலையில் எல்லோரும் கையால்தான் பேசிக்கொள்வார்கள். தண்ணீர் வேண்டும், சாக்கு நிறைந்துவிட்டது, கணக்கெழுதும் கிராணி வருகிறார், எல்லாவற்றுக்கும் கைதான். கிராணிக்குத் தொப்பையைத் தடவிக் காட்டுவார்கள். உள்ளங்கையை விரித்துத் தூக்கினால் 'பொறு'. அதைக் கண்டதும் மிஷின் நின்றாக வேண்டும். கத்திக்கு முன்னால் யாருடைய கை இருக்கிறதோ, யார் கண்டது? இந்தக் கைப்பேச்சைத்தான் அந்தப் பிள்ளை தாய்மொழியாகக் கற்றிருந்தாள்.

நான் பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்தவள். அங்கே கேட்டதும் பார்த்ததும்தான் என் ஆங்கிலம். ஒருநாள் அவளுடைய அப்பா வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, பிள்ள ஸ்கூல்ல மலாய் பிடிச்சுக்கிச்சு. இங்கிலீஷ்தான் ஏறல. கொஞ்சம் படிக்கத் தெரிஞ்சா நம்ம எஸ்டேட் டீக்கடையிலயே வேலை போட்டுக் குடுப்பாங்கலா. டூரிஸ்ட்டு என்னா வேணும்னு எழுதிக் காட்டுவான், இது குடுக்கும். எங்க கண்ணு முன்னாலயே இருக்கும்."

"எனக்கே அரைகுறைதாம்பா."

"அரை அவளுக்கு, குறை உங்களுக்கு. போதும்லா."

அவளுக்குத் திருநீறு பூசிவிட்டுத்தான் பாடத்தை ஆரம்பிப்பேன். முதலில் கை, பிறகு பொருள், பிறகு எழுத்து. கப், டவல், சாவி என்று ஹோட்டல் சொற்கள் எல்லாம் சீக்கிரம் வந்துவிட்டன. 'வெயிட்' என்ற சொல்லுக்குத்தான் காட்ட ஒரு பொருளும் இல்லை. யோசித்துவிட்டு உள்ளங்கையைத் தூக்கினேன். அவள் சிரித்து, இல்லாத மிஷினை அணைப்பதுபோல் கையைத் திருகிக் காட்டினாள்.

அவளுக்கு ஒரே ஒரு விஷயம் பிடிக்காது. நாங்கள் எதற்காவது சேர்ந்து சிரிப்போம். என்ன என்று கேட்பாள். யாராவது 'அப்புறம்' என்று கையை உதறுவார்கள். அந்த அப்புறம் வரவே வராது. ஒருநாள் தாளில், 'எல்லாரும் பேசுறாங்க, எனக்கும் சொல்லுங்க' என்று அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதி என்னிடம் நீட்டினாள். இனி வீட்டில் என்ன நடந்தாலும் ஃபோனில் எழுதி அனுப்புவேன் என்று சொன்னேன். அனுப்பினேன். பூனை குட்டி போட்டது, மழையில் கூரைத் தகரம் பறந்தது, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சண்டை, அப்புறம் சமாதானம். எல்லாம் ஆங்கிலத்தில்தான். மலாய் கூடாது என்று அவளே கட்டளை போட்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அவளுடைய அப்பா போய்விட்டார். நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில் வைத்து ஒரு மணி நேரம்கூட இல்லை.

உடலைக் கொண்டுவந்ததும் அவருடைய அண்ணன் சொன்னார்: "பிள்ளைக்கு ஒண்ணும் சொல்லாதீங்க. அம்மாவுக்கு மேலுக்கு முடியலன்னு சொல்லிக் கூட்டியாரச் சொல்லுங்க. அதுக்கென்ன தெரியப் போவுது."

அழுதுகொண்டிருந்த அந்தத் தாய் என் கையைப் பிடித்தாள். "அக்கா, அவகிட்ட பொய் சொல்ல வேணாம். நீங்க எழுதுங்க."

தாயே, என் கையால் இதையா எழுதவைக்கிறாய் என்று நான் கும்பிடும் ஆத்தாளை மனசுக்குள் கேட்டுவிட்டு எழுதினேன். அப்பா இறந்துவிட்டார், மாமா காரில் வருகிறார், வீட்டுக்கு வா. இறப்புக்கான சொல்லை நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே இல்லை. புரியாதோ என்று பயந்தேன். புரியாமலே போகட்டும் என்றும் ஒரு மனம் கிடந்தது.

பதில் வந்தது. 'வெயிட் மீ.'

அதற்குக் கீழே நான் 'யெஸ்' என்று அனுப்பினேன்.

ஈப்போவில் இருக்கும் தாய்மாமன் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வழியில் கண்ட பெயர்ப் பலகைகளை எல்லாம் படித்துப் படித்து எனக்கு அனுப்பிக்கொண்டே வந்தாள். கடைசியாக, மலை ஏறிய பிறகு, 'கம்போங் ராஜா. ஜாம்.'

நான் வெளியே ஓடினேன். "கம்போங் ராஜா வந்துட்டாளாம். ரோட்டுல ஜாமாம். காத்திருக்கச் சொல்றா."

"ஞாயித்துக்கெழம ஜாமு எப்பம்மா நகரும்? நாலரைக்கு ராகு காலம் பிறந்துடும். வண்டிக்காரன் வேற கத்துறான்" என்றார் அண்ணன்.

"பெத்த பொண்ணு அது. மூஞ்சியப் பார்க்கட்டும்" என்றேன்.

"போட்டோ புடிச்சிருக்குலா. அதக் காட்டிக்கலாம். காது கேக்காத பிள்ள, அதுக்கு என்னா வெளங்கும்?"

அவர் கெட்டவர் இல்லை. ராகு காலத்தில் எடுத்தால் வீட்டுக்கு ஆகாது என்று மனசாரப் பயந்தார். நானும் ராகு காலம் பார்க்கிறவள்தான். அதனால்தானோ என்னவோ, அதற்கு மேல் வாதாடாமல் வழிவிட்டு ஒதுங்கினேன்.

சவப்பெட்டியைத் தூக்கினார்கள். இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்திருந்த அந்தத் தாய் சட்டென்று திமிறி, வலது உள்ளங்கையை விரித்துத் தலைக்கு மேல் தூக்கினாள். பொறு.

பெட்டியைச் சுமந்தவர்கள் எல்லோரும் மிஷின் பிடிப்பவர்கள். மலையில் அந்தக் கையைப் பார்த்தால் கண் இமைக்கும் முன் மோட்டாரை அணைத்துவிடுவார்கள். அன்றைக்கும் பார்த்தார்கள். ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். யாரும் நிற்கவில்லை.

அவள் வந்தபோது வீடு கழுவிவிட்ட ஈரத்தில் இருந்தது. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சுடுகாட்டுக்குப் பெண்பிள்ளையைக் கூட்டிப் போகக் கூடாது என்றார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. நேரே என்னிடம் வந்து ஃபோனை நீட்டினாள். அவள் எழுதிய சொற்களின் மேல் விரலை வைத்தாள். பிறகு கீழே, என்னுடைய 'யெஸ்' மேல் வைத்தாள். அப்படியே நின்றாள்.

கூட்டத்தில் அவள் அழவில்லை. "பாவம், அதுக்கு ஒண்ணும் புரியல" என்று யாரோ சொன்னார்கள். அந்த வார்த்தைதான் இன்றுவரை எங்கள் எஸ்டேட்டில் ஓடுகிறது.

அடுத்த விடுமுறையில் புத்தகத்தை விரித்து அவளைக் கூப்பிட்டேன். வந்தாள். நெற்றியைக் காட்டித் திருநீறு வாங்கிக்கொண்டாள். நான் பென்சிலை எடுத்ததும் உள்ளங்கையைத் தூக்கினாள். நான் புத்தகத்தை மூடிவிட்டேன். அதற்குப் பிறகு என் ஃபோனுக்கு அவளிடமிருந்து ஓர் எழுத்துகூட வரவில்லை.

இப்போது ஈப்போவில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறாள். தீபாவளிக்கு வருவாள். அம்மாவோடு கையால் பேசுவாள். என் வீட்டுக்கும் பலகாரம் கொண்டுவந்து வைப்பாள். அவள் போன பிறகு விளக்கின் முன் உட்காருவேன். அவளை மறுபடி படிக்கவை என்று ஆத்தாளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவள் நன்றாக இருக்கட்டும் என்று மட்டும் கேட்கிறேன்.

படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதை யாரிடமாவது சொன்னால், நான் எழுதியபடியே சொல்லுங்கள். அவள் கதறி விழுந்தாள் என்று கூட்ட வேண்டாம். எங்களுக்காக இரக்கப்பட்டு எதையும் குறைக்கவும் வேண்டாம். அந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். அவளுக்கு எல்லாம் புரிந்தது. அவள் காத்திருக்கச் சொன்னாள்.