பக்கத்தில் இறங்கியவன்

எங்கள் வீட்டு அழைப்பு மணி வேலை செய்கிறதா என்று அவ்வப்போது நானே வெளியே போய் அழுத்திப் பார்ப்பேன். நன்றாகவே வேலை செய்கிறது. முதல் தடவை அழுத்தியபோது, உள்ளே இருந்த என் மனைவி தெரேசா குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்தபடி ஓடிவந்து கதவைத் திறந்தாள். நிற்பது நான்தான் என்று கண்டதும் அவள் முகம் போன போக்கை எழுத எனக்குத் தெம்பில்லை. பிரான்சின் கிழக்கு ஓரத்தில், மலையடிவாரத்துச் சிறுநகரம் ஒன்றில், அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. படிக்கட்டில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் 'போன்ழூர்' என்று வணக்கம் சொல்வார்கள். குழந்தையைப் பார்த்துச் சிரிப்பார்கள். கனமான பையோடு வந்தால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆனால் இரண்டு குளிர்காலம் போயும் ஒருவர்கூட எங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. "பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது, பறந்துட்டான், இனிமே அவனுக்கு இன்னா கொறச்சல்" என்று ஊரில் நீங்கள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தெரேசா வில்லியனூர்ப் பெண். மாதா கோயிலுக்குப் பின்தெரு. அந்தத் தெருவில் ஒருத்தி மீன் கழுவினால் நான்கு பேர் வந்து அதன் செதிலைப் பற்றிக் கருத்துச் சொல்வார்கள். அப்படி வளர்ந்தவள், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள்.

"இத பாருங்க, நான் ஒண்ணும் பெருசா கேக்கல. கோடை லீவு வர்றதுக்குள்ள இந்த ஊர்ல ஒரே ஒரு ஆளு நம்ம வூட்டுல வந்து கைய நனைக்கட்டும். நான் இருக்கேன். இல்லன்னா புள்ளய தூக்கிக்கினு போயிடுவேன்."

"இன்னா, மெரட்டுறியா?"

"மெரட்டல. எனக்குப் பேச்சே மறந்துடும்போல இருக்குது. அதச் சொல்றேன்."

சொன்னால் செய்கிறவள். நான் ஆள் தேட ஆரம்பித்தேன். கிடைத்தவன் ழெரார். தொழிற்சாலையில் எனக்கு அடுத்த இயந்திரத்தில் நிற்பவன், என் வயதுக்காரன். நாள் முழுக்க வாய் திறக்கமாட்டான். ஆனால் மீனைப் பற்றிக் கேட்டால் போதும், மடை திறந்த மாதிரி. அவன் சொல்லும் மீன் த்ருய்த். ஊட்டிப் பக்கம் ட்ரவுட் என்பார்களே, அதுதான். அதைப் புழு வைத்துப் பிடிப்பது அவனுக்குக் கேவலம். சேவலின் கழுத்து இறகை நூலால் தூண்டில் முள்ளில் கட்டி, ஈ மாதிரிச் செய்து, அந்தப் பொய் ஈயைத் தண்ணீர் மேல் உண்மை ஈயாக இறக்க வேண்டும். எனக்குப் பிடித்துக்கொண்டது. நான் எதில் இறங்கினாலும் தலைமுழுக இறங்குகிறவன். நகர நூலகத்தில் இருந்த மீன்பிடிப் பத்திரிகைகளை எல்லாம் படித்தேன். பழைய தூண்டில் கோல் ஒன்று வாங்கினேன். கார்கள் நிறுத்துமிடத்தில் நின்று வெறுங்காற்றில் கயிற்றை வீசிப் பழகினேன். அது கம்பத்தில் சுற்றிக்கொள்ளும், என் காதில் மாட்டும். மேலே ஜன்னலைத் திறந்து தெரேசா கத்துவாள்: "ஊர்ல எல்லாம் ஈய ஓட்டுவாங்க. நீங்க இன்னாத்துக்கு ஈய வச்சிக்கினு ஊர ஓட்டுறீங்க?" அந்தக் குளிர்காலத்தில் அவள் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

நான் கட்டிய ஈயைப் பார்த்து ழெராரும் சிரித்தான். "இதைக் கண்டால் மீன் பயந்து கரையேறிவிடும்" என்றான். பிறகு, மார்ச்சில் ஆறு திறக்கிற சனிக்கிழமை வரச் சொன்னான். குளிர்காலம் முழுக்க மூடிக்கிடக்கும் மீன்பிடிப்பு அன்றைக்குத்தான் தொடங்கும். மறுநாள் ஞாயிறு மதியம் மனைவியோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வா என்றேன். "வருகிறோம். காரம் மட்டும் கொஞ்சம் பார்த்து" என்றான். தெரேசா வியாழக்கிழமையே மசாலா அரைத்துவிட்டாள்.

சனிக்கிழமை விடியலில் போய்ப் பார்த்தால் ஆற்றோரம் நெடுக கார்கள். பாலத்தடியில் தோளோடு தோளாக ஆட்கள். கோல்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. பிரான்சுக்கு வந்த பிறகு இவ்வளவு மனிதர்களை ஒரே தண்ணீரில் நான் பார்த்ததில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எங்கள் ஊர் பாகூர் ஏரிக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது.

பாகூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோடையில் ஏரி வற்றித் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியதும், ஒரு நாள் ஊரே அதில் இறங்கும். கூடை, வலை, பழைய வேட்டி, ஒன்றும் இல்லாதவனுக்கு வெறுங்கை. இத்தனை கால்களும் சேர்ந்து உழப்ப உழப்பத் தண்ணீர் சேறாகும். மூச்சுத் திணறி விராலும் கெளுத்தியும் மேலே வரும். ஒரு வருடம் நான் ஓரமாக நின்றபோது என் பெரியப்பா மகன் அந்தோணி நடு ஏரியிலிருந்து கத்தினான்: "டேய், அங்க தனியா நின்னு மீனுக்கு ஜோசியமா பாக்குற? எறங்கி வாடா இங்க! உன் காலும் சேந்தாத்தான்டா தண்ணி கலங்கும்!" அந்த ஏரியில் தனியாக நிற்கிறவன் என்றால் ஊரோடு பகைத்துக்கொண்டவன் என்று பொருள். அப்படி யாராவது நின்றால், பக்கத்தில் போய் நிற்பதுதான் மரியாதை.

பாலத்திலிருந்து ஆறு போகும் திசையில் வெகுதூரம் தள்ளி, ஆறு வளைகிற இடத்தில், ழெரார் தனியாக நின்றுகொண்டிருந்தான். முழங்கால் அளவுத் தண்ணீரில், அசையாமல், எதிரே ஒரு பாறையடியைப் பார்த்தபடி. இத்தனை கூட்டத்தில் இவனுக்குத் துணையில்லையே என்று எனக்குப் பொறுக்கவில்லை. அவன் பெயரைக் கூவிக்கொண்டே, அவனுக்குத் தண்ணீர் வரும் மேல்பக்கத்தில் ஆற்றில் இறங்கினேன். ரப்பர் காலணியால் சரளைக் கற்களை உதைத்துக்கொண்டு, சளப் சளப் என்று நேராக அவனிடம் போனேன். நான் கிளப்பிய கலங்கல் எனக்கு முன்னால் அவனிடம் போய்ச் சேர்ந்து, அவன் கால்களைச் சுற்றி, அந்தப் பாறையடிக்கு நகர்ந்தது. அவன் என்னைப் பார்த்தான். கயிற்றை நிதானமாகச் சுற்றினான். "இந்த இடம் உனக்கே. எடுத்துக்கொள்" என்று சொல்லிவிட்டுக் கரையேறினான்.

நான் நன்றி சொன்னேன். விருந்தாளிக்குத் தன் நல்ல இடத்தை விட்டுக்கொடுக்கிறானே என்று கண் கலங்கிப்போய், மதியம்வரை அங்கேயே கயிற்றை வீசிக்கொண்டிருந்தேன். ஒன்றும் மாட்டவில்லை. வீட்டுக்கு வந்து, "அவன் இடத்தையே எனக்குக் குடுத்துட்டான் தெரியுமா" என்றேன். தெரேசா, "நல்ல மனுசன். இன்னொரு கோழி போட்டுடுறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. சோறு ஆறியது. தெரேசா கட்டியிருந்தது கல்யாணத்துக்கு எடுத்த பட்டு. சாயங்காலம் அதை அவிழ்த்து மடித்து வைத்தாள். குழந்தைதான், "மாமா எப்ப வருவாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை, எங்களோடு வேலை செய்யும் போர்த்துகல்காரன் மனுவேல் என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னான். ழெரார் அந்தப் பாறையடியில் இருக்கும் ஒரு மீனுக்காகப் போன பருவத்திலிருந்தே காத்திருக்கிறானாம். பாலத்தடியில் நின்ற புழுக்காரர்கள் வேறு, பொய் ஈயால் பிடிக்கிறவர்கள் இப்படித்தானாம். ஒருவன் நிற்கும் தண்ணீரில் இன்னொருவன் இறங்கமாட்டானாம். "நீ அவன் வீட்டுக்குள் செருப்போடு போய்ப் படுக்கையில் ஏறின மாதிரி" என்றான். ஓடிப்போய் ழெராரிடம் மன்னிப்புக் கேட்டேன். பாகூர் ஏரியைப் பற்றி எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் எல்லாம் சொன்னேன். முழுவதும் கேட்டான். "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று சிரித்துவிட்டு இயந்திரத்தை ஓடவிட்டான். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஊராக இருந்தால், "டேய் கபோதி, கண்ணு தெரியல?" என்று நாலு பேர் முன்னால் கத்தியிருப்பான். சாயங்காலம் ஒன்றாக டீ குடித்திருப்போம். இங்கே தினமும் 'போன்ழூர்' சொல்கிறான். மற்ற எல்லாரும் சொல்கிற அதே 'போன்ழூர்'.

ஜூலையில் தெரேசா குழந்தையோடு கிளம்பினாள். விமான நிலையத்தில் என் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி, "நீங்களும் வந்துடுங்களேன்" என்றாள். "வந்து இன்னா வேல பாக்குறது?" என்றேன். "அதுவும் சரிதான்" என்றாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது செப்டம்பர். வாரக்கடைசிகளில் ஆற்றில்தான் நிற்கிறேன். எப்படி இறங்குவது, அடுத்த ஆளுக்கு எவ்வளவு தள்ளி நிற்பது, எல்லாம் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை, கரையோர மரங்களுக்குக் கீழே ஒரு நல்ல மீன் மேலே வந்து வந்து போனது. நான் அசையாமல் நின்றேன். அப்போது கரையில் தூண்டில் கோலோடு ஒரு பெரியவர் வந்தார். முன்பின் பார்த்திராதவர். என்னைக் கண்டதும் நின்றார். தொப்பியை லேசாகத் தூக்கினார். பிறகு, தன் நிழல்கூட என் தண்ணீரில் விழாதபடி, ஆற்றை விட்டு விலகிப் பெரிய வட்டமாக வயல் வழியே நடக்கத் தொடங்கினார். இந்த ஊர்க்காரனுக்கு இந்த ஊர்க்காரன் செய்கிற மரியாதை அது. இரண்டரை வருடத்தில் முதல்முறையாக எனக்குக் கிடைத்தது. இங்கே வாங்க, பக்கத்துல எறங்குங்க என்று கூப்பிட வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அவர் இறங்கினால் மீன் ஓடிவிடுமே என்றும் தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன். வேலியைத் தாண்டி, அறுத்துப்போட்ட புல்லில் நடந்து, அவர் சிறிதாகிச் சிறிதாகிப் போய்க்கொண்டிருந்தார். அவர் மறையும்வரை மீனைப் பார்க்காமல் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைச் சுற்றித் தண்ணீர் அடிவரை தெளிவாக இருந்தது.